குழுவும் பண்பாடும் மனிதரை ஆக்கும் விதம்: திருகோணமலையில் கவனித்து எழுதுவோருக்கு ஒரு வழிகாட்டி

உயர்தர வகுப்பிலோ பல்கலைக்கழகத்திலோ கற்கும் ஒருவரிடம், தம் ஊரில் பண்பாடும் சமூகக் குழுக்களும் மனிதரின் நடத்தையை எவ்வாறு உருவாக்குகின்றன என்று எழுதித் தரும்படி கேட்டால், கட்டுரை பெரும்பாலும் ஒரு பட்டியலோடுதான் தொடங்கும். திருகோணமலையில் முஸ்லிம்கள், தமிழர், சிங்களவர் ஆகியோர் வாழ்கின்றனர். அவர்களுடைய மதம் இது, உணவு இது, பண்டிகை இது என்று அந்தப் பட்டியல் நீளும். அதில் பிழை இருப்பதில்லை. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 3,80,000. அவர்களில் நூற்றுக்கு 40 அளவினர் முஸ்லிம்கள், 30 அளவினர் தமிழர், 27 அளவினர் சிங்களவர். ஆனால் இவ்வளவையும் வாசித்து முடித்த ஒருவருக்கு, பஸ் நிலையத்தில் நிற்கும் ஓர் இளைஞன் ஒருவரிடம் ஒரு விதமாகவும் மற்றவரிடம் வேறு விதமாகவும் ஏன் பேசுகிறான் என்பது விளங்காது.

இவ்வழிகாட்டி அந்தக் கேள்வியிலிருந்து தொடங்க விரும்புவோருக்கு உரியது. முறை எளியது, கடைப்பிடிப்பதுதான் கடினம். இனப்பெயரை ஒருபுறம் வைத்துவிட்டு, ஓர் இடத்தையும் அங்கே திரும்பத் திரும்ப நிகழும் ஒரு செயலையும் தெரிந்துகொள்ள வேண்டும். பார்த்துக்கொண்டிருப்பவர் மாறும்போது செய்பவரின் நடத்தை எந்த இடத்தில் மாறுகிறது என்று கவனிக்க வேண்டும். ‘அடையாளம்’ என்ற சொல்லைக் கடைசிவரை எழுதாமல் இருக்க வேண்டும்.

இடத்தைத் தெரிவுசெய்தல்

புதிதாகத் தொடங்குபவர்கள் கோணேசர் கோயில் திருவிழாவையோ, மகா சிவராத்திரியை அடுத்துச் சுவாமி நகர்வலம் வரும் நாட்களையோ தெரிவுசெய்ய ஆசைப்படுவது இயல்பு. அவற்றை முதல் ஆய்வுக்கு எடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. ஒரே வேளையில் நிகழ்பவை மிகுதியாக இருப்பதால் பார்ப்பவரின் கண் சிதறிவிடும். அன்றியும், ஆண்டுக்கொருமுறை நிகழ்வதை மறுநாள் சென்று சரிபார்க்க இயலாது. சிறியதும் அன்றாடம் நிகழ்வதும், ஒன்றுக்கு மேற்பட்ட குழுவினர் ஒருவரையொருவர் நாடி வருவதும், நீங்கள் நின்றுகொண்டிருப்பது எவருக்கும் உறுத்தாததுமான இடமே நல்ல இடம். மீன் சந்தை, நூலகத்தின் பத்திரிகைப் பகுதி, தம்பலகாமத்தில் அறுவடைக் காலத்து நெற்களம், மாணவர் விடுதி, தேத்தண்ணிக் கடை ஆகியவை எல்லாம் பொருந்தும்.

கரைவலை இழுக்கும் கரையை நான் எல்லாவற்றிலும் மேலாகப் பரிந்துரைப்பேன். வள்ளம் கடலுக்குள் சென்று வலையை அரைவட்டமாக வளைத்துவிட்டுத் திரும்ப, இரு முனைகளின் கயிற்றையும் இரண்டு அணியினர் கரையில் நின்று இழுக்கின்றனர். வலை அதன் முதலாளியான சம்மாட்டிக்கு உரியது; உழைப்பு பலருக்கு உரியது; விற்ற பணம் பங்காகப் பிரிகிறது. இழுவையின் தாளத்தை முன்னாளில் அம்பா என்னும் மீனவர் தொழிற்பாடல் கட்டிக்காத்தது. சோளகம் எனப்படும் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மேற்குக் கரையோரத்திலிருந்து சிங்கள மீனவர்கள் கிழக்குக் கரைக்கு வந்து வாடி என்னும் தற்காலிகக் குடிசை அமைத்துத் தங்கும் வழக்கமும் நெடுங்காலமாக உண்டு. ஆகவே ஒரு குழு எவ்வாறு தன் உறுப்பினரை ஆக்குகிறது என்பதற்கும், இரண்டு குழுக்கள் ஒரே கடலை எவ்வாறு பகிர்கின்றன என்பதற்கும் அங்கே ஒருசேரச் சான்று கிடைக்கும்.

அங்கே சென்றால் பார்க்க வேண்டியவை: முதன்முதலாக வந்த பையனைக் கயிற்றின் எந்த இடத்தில் நிறுத்துகின்றனர், கை தளர்ந்தவனை எவர், எந்தச் சொல்லால், எவ்வளவு உரக்கத் திருத்துகிறார், அந்தத் திருத்தம் சிரிப்பாக வருகிறதா, வசையாக வருகிறதா, மௌனமாக வருகிறதா, மீன் சேரும் வலையின் மடி கரையேறியதும் இழுக்காமல் நின்றவர்களில் எவருக்குக் கறிக்கு மீன் கொடுக்கப்படுகிறது, எவர் கேட்டும் கொடுக்கப்படுவதில்லை. ஒரு குழுவின் நெறிகள் எங்கும் எழுதி வைக்கப்பட்டிருப்பதில்லை. அவற்றை மீறியவருக்கு என்ன நிகழ்கிறது என்பதிலிருந்தே அவற்றை வாசித்தெடுக்க முடியும். எல்லாம் ஒழுங்காக நடக்கும் நாளைவிடக் கயிறு அறுந்த நாள் உங்களுக்குப் பயன் தருவது இதனால்தான்.

கொப்பியில் எழுதும் முறை

அப்பியாசக் கொப்பியை விரித்து, இடப்பக்கத்தைக் கண்டதற்கும் கேட்டதற்கும், வலப்பக்கத்தை உங்கள் எண்ணத்திற்கும் ஒதுக்குங்கள். இரண்டும் கலந்துவிட்டால், மூன்று மாதங்களுக்குப் பின்னர் எது நிகழ்ந்தது, எது நீங்கள் ஊகித்தது என்று உங்களாலேயே பிரிக்க முடியாது.

‘முஸ்லிம் வியாபாரிகள் தங்களுக்குள் ஒற்றுமையானவர்கள்’ என்பது வலப்பக்க வாக்கியம். அதுவும் மோசமான வலப்பக்க வாக்கியம். ‘பாங்கு ஒலித்தது, மூன்று கடைகளில் இரண்டின் முதலாளிகள் எழுந்து பள்ளிவாசலுக்குச் சென்றனர், ஒருவர் பெட்டகத்தை வேலையாளிடம் விட்டார், மற்றவர் எதிர்க்கடைத் தமிழரிடம் கையால் சைகை காட்டிவிட்டுப் போனார், அவரும் தலையசைத்தார்’ என்பது இடப்பக்கத்தில் இருக்க வேண்டிய வகை. முதல் வாக்கியம் எதையும் விளக்காமல் தீர்ப்புச் சொல்கிறது. இரண்டாவது, அடுத்து எதைக் கேட்க வேண்டும் என்று காட்டுகிறது. அந்தச் சைகை என்றிலிருந்து வழக்கம்? தமிழர் கோயிலுக்குப் போகும்போது அதே உதவி திரும்பி வருகிறதா? கலவரக் காலங்களில் அது நின்றுபோனதா?

நேரம், காற்று, இருந்தவர்களின் எண்ணிக்கை, நீங்கள் நின்ற இடம் ஆகியவற்றை ஒவ்வொரு பதிவின் தலைப்பிலும் எழுதுங்கள். அன்றிரவே விரித்தெழுதாத குறிப்பு பெரும்பாலும் பயன்படாது. குறிப்புகளின் நகலொன்றை வேறிடத்தில் வைப்பதும் அவசியம்: இந்தியச் சமூக மானிடவியலாளர் எம். என். சிறீனிவாஸ், 1948இல் மைசூர்ப் பகுதியின் இராம்புரா கிராமத்தில் தங்கிச் சேர்த்த குறிப்புகளை ஒழுங்குபடுத்தி வைத்திருந்த வேளையில், 1970இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட்டில் அவருடைய அலுவலறைக்குத் தீ வைக்கப்பட்டதால் அவை எரிந்தன. அவர் தம் நினைவிலிருந்தே அந்தக் கிராமத்தை மீண்டும் எழுதினார். அவருக்கு அது இயன்றது.

பார்ப்பவர் மாறினால் என்ன மாறுகிறது

இனி முறையின் மையத்துக்கு வருவோம். ஒரே மனிதரைக் குறைந்தது மூன்று விதமான பார்வையாளர் முன்னிலையில் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் பணியாற்றிய சமூகவியலாளர் ஏர்விங் கொஃப்மன், 1949க்கும் 1951க்கும் இடையில் ஸ்கொட்லாந்தின் ஷெட்லண்ட் தீவில் இருந்த சிறிய விடுதி ஒன்றைக் கவனித்தபோது, உணவு மண்டபத்தில் ஒரு விதமாக நடந்துகொள்ளும் பணியாளர்கள் சமையலறைக் கதவைத் தாண்டியதும் முற்றிலும் வேறு விதமாக நடந்துகொள்வதைக் கண்டார். மனிதர் எப்போதும் எவரோ ஒருவர் முன்னிலையில் தம்மைக் காட்டிக்கொண்டிருக்கிறார் என்பதும், அக்காட்சி நடக்கும் முன்னிடமும் அது தளரும் பின்னிடமும் வேறு வேறு என்பதும் அவருடைய கருத்து.

உப்புவெளியிலும் நிலாவெளியிலும் உள்ள உல்லாச விடுதிகளில் இதைப் பார்க்க முயல்பவருக்கு மேலும் ஒரு படிநிலை கிடைக்கும். விருந்தினரிடம் ஆங்கிலத்திலும், முகாமையாளரிடம் சிங்களத்திலும், சமையலறையில் தமிழிலும் பேசும் ஓர் இளைஞர், பணி முடிந்து தம் கிராமத்துச் சந்தியில் இறங்கும்போது தலைமுடியைச் சரிசெய்து, குரலைத் தாழ்த்தி, பெரியவர் வந்தால் கையிலுள்ள சிகரெட்டை மறைத்துக்கொண்டால், இவற்றில் எது அவருடைய ‘உண்மையான’ அடையாளம் என்று கேட்பதற்கு இடமில்லை. எந்தப் பார்வைக்கு எந்த ஒழுங்கு உரியது என்பதை அவர் எவரிடம் கற்றார், பிழைவிட்டால் எவரிடம் விலை கொடுப்பார் என்பவைதான் கேட்கத் தகுந்தவை.

முறைப்பெயர்கள் இதற்கு மலிவான, நம்பத்தகுந்த அளவுகோல். கடைக்காரர் ஒருவர் ஒரு மணி நேரத்தில் எவரை அண்ணா என்கிறார், எவரை முஸ்லிம்களின் வழக்கில் அண்ணனைக் குறிக்கும் காக்கா அல்லது நானா என்கிறார், எவரைச் சிங்களத்தில் தம்பியைக் குறிக்கும் மல்லி என்கிறார், எவரை ஐயா என்கிறார், எவரைப் பெயரே சொல்லாமல் ‘இஞ்ச பாருங்கோ’ என்று மட்டும் அழைக்கிறார் என்று எழுதிப் பாருங்கள். முகத்தையும் உடையையும் கண்டு ஒரு நொடியில் அவர் செய்யும் வகைப்படுத்தல் அதில் பதிந்திருக்கும். எவரிடம் அவர் தடுமாறுகிறார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். வகைகளின் விளிம்பு எங்கே உள்ளது என்று அந்தத் தடுமாற்றம் காட்டிவிடும்.

‘நான் யார்?’ என்று எழுதச் சொல்லுதல்

அமெரிக்காவின் அயோவாவில் மன்ஃபோர்ட் கூன், தோமஸ் மக்பார்ட்லண்ட் ஆகிய சமூகவியலாளர் இருவரும் 1954இல் அறிமுகப்படுத்திய ஒரு பயிற்சி, பணச் செலவின்றி எவரும் செய்யக்கூடியது. ஒருவரிடம் ஒரு தாளைக் கொடுத்து, ‘நான் யார்?’ என்ற கேள்விக்கு இருபது விடைகளை மனதில் தோன்றும் வரிசையிலேயே எழுதச் சொல்ல வேண்டும். பின்னர், மகள், மாணவி, கிண்ணியாவைச் சேர்ந்தவள், முஸ்லிம் என்பன போன்று ஒரு குழுவிலோ உறவிலோ நிற்பவற்றையும், கோபக்காரி, சோம்பல் உள்ளவள் என்பன போன்று தனிமனித இயல்பைச் சொல்பவற்றையும் வெவ்வேறாகப் பிரித்து எண்ண வேண்டும். ஹேசல் மாக்கஸ், ஷினோபு கிட்டயாமா என்ற உளவியலாளர்கள் 1991இல், தன்னைப் பிறரிலிருந்து தனித்து நிற்பவராகக் காணும் பண்பாடுகளும், தன்னைப் பிறரோடு பின்னிய ஒருவராகக் காணும் பண்பாடுகளும் உண்டு என்று விரிவாக வாதிட்டனர். உங்கள் தாள்கள் இரண்டாவது வகைக்குச் சான்றாக அமையும் என்று முன்கூட்டியே எதிர்பார்த்துக்கொண்டு எண்ணாதீர்கள்; இன்றைய உயர்தர மாணவர்களின் தாள்கள் உங்களை வியப்பில் ஆழ்த்தலாம்.

வரிசையே இங்கே முக்கியம். உளவியலாளர் வில்லியம் மக்குவயர் 1978இல் அமெரிக்கப் பாடசாலைப் பிள்ளைகளிடம் கண்டது என்னவெனில், தம் சூழலில் சிறுபான்மையாக இருந்த பிள்ளைகளே தம்மை அறிமுகப்படுத்தும்போது தம் இனத்தைத் தாமாகக் கூடுதலாகக் குறிப்பிட்டனர். பெரும்பான்மையாக இருந்தவர்களில் மிகச் சிலருக்கே அது சொல்லத் தோன்றியது. இதைத் திருகோணமலையில் சோதிப்பது எளிது. தமிழ்ப் பாடசாலையில் படிக்கும் மாணவி ‘நான் தமிழ்’ என்று எழுதாமலே இருபது வரிகளை நிரப்பிவிடக்கூடும். அவருடைய அக்கா கொழும்பில் வாடகை அறையில் இருந்துகொண்டு நிரப்பினால் அது மூன்றாவது வரியிலேயே வரக்கூடும். இருமொழி அறிந்தவர் கிடைத்தால் ஒரு தடவை தமிழிலும், சில வாரங்கள் கழித்து மற்ற மொழியிலும் எழுதச் சொல்லி ஒப்பிடுங்கள். தாள் எந்த இடத்தில், எவர் அருகில் இருக்க நிரப்பப்பட்டது என்று அதன் மூலையில் எழுத மறக்க வேண்டாம். அக்குறிப்பு இல்லாத தாள் ஆய்வுக்கு உதவாது.

எல்லைக்கோட்டைத் தேடுதல்

நோர்வே மானிடவியலாளர் பிரெட்ரிக் பார்த் 1969இல் முன்வைத்த ஒரு கருத்து, இத்துறையில் எழுதும் எவரும் உள்வாங்க வேண்டியது. ஓர் இனக்குழுவைத் தனியாக நிறுத்துவது அதன் உணவும் உடையும் சடங்கும் சேர்ந்த மூட்டை என்று கருதினால் ஆய்வு வழிதவறும். குழுக்களுக்கு இடையே பேணப்படும் எல்லையே அவற்றை வாழவைக்கிறது, எல்லைக்குள் உள்ள வழக்கங்கள் காலந்தோறும் மாறினாலும் எல்லை நிலைத்து நிற்கலாம் என்றார் அவர். மூதூருக்குத் தெற்கே வெருகல், வாகரை வரையில் வாழும் கரையோர வேடர் என்னும் பழங்குடியினர் இதற்கு அருகிலுள்ள எடுத்துக்காட்டு. 1911இல் வெளியான தம் ஆய்வில் பிரித்தானிய மானிடவியலாளர் சி. ஜி. செலிக்மன் குறிப்பிட்டபோதே அவர்கள் தமிழ் பேசினர். அயலவரோடு ஒத்த தொழிலும் வழிபாடும் கொண்டிருந்தனர். ஆயினும் வேடர் என்ற உணர்வு இன்றும் அழியவில்லை. மொழியை மட்டும் வைத்து அளப்பவர் இவர்களைக் காணவே மாட்டார்.

எல்லையில் உரசல் ஏற்படும்போது அது எல்லோருக்கும் தெரியும். 2018இல் நகரப் பாடசாலை ஒன்றில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா என்னும் நீண்ட மேலங்கி அணிந்து வந்தமை தொடர்பாக எழுந்த சர்ச்சையை எடுத்துக்கொள்வோம். ஒரு தரப்பு சேலையைப் பாடசாலையின் மரபென்றது. மறு தரப்பு அபாயாவைச் சமய உரிமையென்றது. இரு தரப்பும் தம் உடையைத் தொன்றுதொட்டு வந்தது போலவே பேசின. ஆனால் கிழக்கிலங்கை முஸ்லிம் பெண்களிடையே அபாயா பரவியது அண்மைத் தசாப்தங்களில்தான். சேலையோ நாடெங்கும் மூவினத்து ஆசிரியைகளும் அணியும் தொழில் உடை. எந்தத் தரப்பு சரி என்று தீர்ப்பளிப்பது உங்கள் ஆய்வின் வேலை ஆகாது. அதே ஆடை ஏன் அந்த ஆண்டில், அந்த வாசலில் எல்லைக்கல்லாக மாறியது என்பதே உங்கள் வினா. போர் முடிந்த பின்னர் வேலைவாய்ப்பு, இடமாற்றம், காணி ஆகியவை பற்றி இரு சமூகங்களுக்கிடையே நிலவிய ஐயங்களைப் பார்க்காமல் துணியை மட்டும் பார்ப்பவர் விடை காண மாட்டார்.

எல்லை உருவாக எவ்வளவு குறைந்த காரணம் போதும் என்பதையும் நினைவில் வைத்திருங்கள். சமூக உளவியலாளர் ஹென்றி தாஜ்ஃபெல் போலந்தில் பிறந்த யூதர். இரண்டாம் உலகப் போரில் ஜேர்மனியரிடம் போர்க்கைதியாக இருந்து, விடுதலையான பின்னர்தான் தம் குடும்பத்தினர் கொல்லப்பட்டதை அறிந்தவர். அவர் 1970இல் வெளியிட்ட பரிசோதனையில், இங்கிலாந்தின் பிரிஸ்டலைச் சேர்ந்த 14, 15 வயதுப் பையன்களை, இரண்டு ஓவியர்களில் எவருடைய படங்களை விரும்பினர் என்ற பெயரில் இரு குழுக்களாகப் பிரித்தார். உண்மையில் அந்தப் பிரிப்பு தற்செயலானது. குழுவில் வேறு எவர் இருந்தனர் என்று பையன்களுக்குத் தெரியாது. பங்கிடும் காசில் தமக்கென எதுவும் கிடைக்காது. அவ்வாறிருந்தும் அவர்கள் தம் குழுவுக்கே கூடுதலாகக் கொடுத்தனர். தம் குழுவின் மொத்தத் தொகை குறைந்தாலும் பரவாயில்லை, மற்றக் குழுவைவிட மேலே இருக்க வேண்டும் என்றும் பலர் பங்கிட்டனர். இதிலிருந்து ஆய்வாளருக்கு ஒரு நடைமுறை எச்சரிக்கை உண்டு: வினாத்தாளின் முதல் வரியில் ‘இனம்’ என்று கேட்டால், அதன் பின்வரும் விடைகள் எல்லாம் அந்தப் பெட்டிக்குள் நின்றே எழுதப்படும். அதைக் கடைசிப் பக்கத்துக்கு மாற்றுங்கள்.

எல்லாக் குழுக்களும் இனமோ மதமோ அல்ல. கோணேசர் கல்வெட்டு என்னும் பழைய நூல், தானத்தார், வரிப்பற்றார் முதலிய பிரிவினருக்குக் கோயிலில் வகுக்கப்பட்ட தொழும்புகளை, அதாவது பணிகளை, விரித்துச் சொல்கிறது. ஒருவர் இன்னார் என்பது அங்கே அவர் செய்ய வேண்டிய கடமையினால் குறிக்கப்படுகிறது. இன்றைய ஊர்களிலும் ஒரு திருவிழாவை எந்தக் குடும்பங்கள் பொறுப்பேற்கின்றன என்பதை இதே கண்ணோடு விசாரிக்கலாம். விளையாட்டுக் கழகம், பழைய மாணவர் சங்கம், முச்சக்கர வண்டித் தரிப்பிடம் ஆகியவையும் குழுக்களே. தரிப்பிடத்தில் புதியவர் ஒருவர் தம் வண்டியை வரிசையில் நிறுத்த எவருடைய ஒப்புதல் வேண்டும் என்று கேட்டாலே அரைப் பக்கம் நிரம்பும்.

வீட்டுக்குள் செல்லும்போது

கிழக்கிலங்கையின் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும், மணமான பின் கணவன் மனைவியின் வீட்டுக்கு வந்து வாழ்வதும், வீடு மகளுக்குச் சீதனமாகச் செல்வதும் பரவலான வழக்கம். அக்கரைப்பற்றில் நெடுங்காலம் ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இதை விரிவாக எழுதியிருக்கிறார். நடத்தையின்மேல் இதன் தாக்கம் ஆழமானது. அக்காவும் தங்கையும் அடுத்தடுத்த வளவுகளில் வாழ்வதால், பிள்ளைகள் பெரியம்மா, சின்னம்மா கண்காணிப்பில் வளர்கின்றனர். மருமகன்தான் வந்து சேர்ந்தவர், ஆகவே முதல் ஆண்டுகளில் குரல் தாழ்த்திப் பேசுபவரும் அவரே. தென்னிந்தியக் குடும்பத்தைப் பற்றி எழுதப்பட்ட பாடநூலை மனதில் வைத்துக்கொண்டு இங்கே ‘புகுந்த வீட்டில் மருமகள்’ என்று எழுதத் தொடங்குபவர், தம் கண்முன் உள்ளதைக் காணத் தவறுவார்.

2004ஆம் ஆண்டு சுனாமிக்குப் பின்னர் வீடுகள் கட்டிக்கொடுக்கப்பட்டபோது இது கசப்பான முறையில் வெளிப்பட்டது. படிவங்களில் ‘குடும்பத் தலைவர்’ என்ற இடத்தில் ஆணின் பெயரே பெரும்பாலும் எழுதப்பட்டதால், தாய்வழியாகப் பெண்ணுக்கு இருந்த வீட்டுரிமை புதிய உறுதிப்பத்திரத்தில் கணவனுக்கு மாறியது என்று ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினர். பண்பாடு ஒரு படிவத்தின் ஒற்றைக் கட்டத்தினாலும் மாறக்கூடியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. நீங்கள் வீடு வீடாகச் செல்லும்போது, வீடு எவர் பெயரில் உள்ளது, அதற்கு முந்தைய வீடு எவர் பெயரில் இருந்தது என்ற இரண்டையும் கேளுங்கள்.

கேட்கும் முறையும் கேட்கக்கூடாதவையும்

சமூக உளவியலாளர் சொலமன் அஷ் 1951இல் வெளியிட்ட பரிசோதனையில், கோடுகளின் நீளத்தை ஒப்பிடும் மிக எளிய வினாவுக்கு, முன்னரே சொல்லி வைக்கப்பட்ட மற்றவர்கள் அனைவரும் ஒருமித்துப் பிழையான விடை கூறியபோது, உண்மையான பங்கேற்பாளரும் மூன்றில் ஒரு பங்கு அளவிலான தடவைகளில் அதே பிழையைக் கூறினார். அதேவேளை, நான்கில் ஒருவர் அளவினர் ஒருமுறைகூட வளையவில்லை. விடையைத் தனியே எழுதிக் கொடுக்க அனுமதித்தபோது வளைதல் வெகுவாகக் குறைந்தது. ஆகவே சம்மாட்டி அருகில் இருக்கும்போது வலை இழுப்பவரிடம் பங்கு நியாயமானதா என்று கேட்பது வீண். மாமி பாக்கு வெட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கும் விறாந்தையில் மருமகனிடம் வீட்டைப் பற்றிக் கேட்பதும் அவ்வாறே. இருப்பினும் அந்தக் கூட்டு விடையைத் தூக்கி எறிய வேண்டாம். கூட்டத்தில் சொன்னதையும் தனியே சொன்னதையும் இரண்டு நிரலில் எழுதி வைத்தால், அவற்றுக்கு இடையிலுள்ள தூரமே அந்தக் குழுவின் அழுத்தத்தை அளந்து காட்டும்.

‘ஏன் இப்படிச் செய்கிறீர்கள்?’ என்பது பலவீனமான கேள்வி. ‘எங்கட வழக்கம் அது’ என்பதற்கு மேல் விடை வராது. ‘கடைசியாக எவராவது இப்படிச் செய்யாமல் விட்டாரா, அப்போது என்ன நடந்தது?’ என்று கேட்டால் கதை வரும்.

இந்த மாவட்டத்தில் தவிர்க்க வேண்டிய கேள்விகளும் உள்ளன. காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றி, அவர்களுடைய குடும்பத்தினர் தாமாகப் பேசாதவரை, மாணவர் ஒருவர் கட்டுரைக்காகக் கேட்பதற்கு உரிமையில்லை. 2006இல் இடம்பெயர்ந்து, கிளிவெட்டி போன்ற இடங்களின் முகாம்களில் ஏறத்தாழ பத்து ஆண்டுகள் வாழ்ந்த சம்பூர் மக்களிடம், ஊரைவிட்டு வெளியே பிறந்த பிள்ளைகள் தம்மை எவ்வூரவர் என்று சொல்லி வளர்ந்தனர் என்பது அடையாளம் பற்றிய அரிய கேள்விதான். ஆனால் அதைக் கேட்பதற்கு முன் பலமுறை சென்று பழக வேண்டும், விடை மறுக்கப்பட்டால் எழுந்து வந்துவிட வேண்டும். பெயர்களை மாற்றினால் மட்டும் போதாது. சிறிய ஊரில் தொழிலும் பிள்ளைகளின் எண்ணிக்கையும் சொன்னாலே ஆள் தெரிந்துவிடும். கோட்டைக்குள்ளும் கடற்படைத் தளத்தை அண்டியும் படம் எடுக்க வேண்டாம். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களிடம் பெற்றோரின் ஒப்புதலின்றித் தாள் கொடுக்க வேண்டாம்.

கன்னியா வெந்நீரூற்று போன்ற இடங்களில் கூடுதல் நிதானம் தேவை. அங்குள்ள ஏழு கிணறுகள் சைவருக்கு இராவணன் தன் தாயின் ஈமக்கடனைச் செய்த தலம், முப்பத்தோராம் நாள் கிரியைக்கு உரிய இடம். பௌத்தரில் பலருக்குப் பழைய விகாரையின் நிலம். தூரத்திலிருந்து வரும் குடும்பத்துக்குக் குளித்து மகிழும் இடம். ஒவ்வொருவரும் கிணற்றை எவ்வாறு அணுகுகின்றனர், செருப்பை எங்கே கழற்றுகின்றனர், எவர் முன்னிலையில் கதையை உரக்கச் சொல்கின்றனர் என்பதைப் பதியலாம். எவருடைய உரிமை முந்தியது என்ற வழக்கில் மாணவர் கட்டுரை இறங்கத் தேவையில்லை.

எழுதும்போது

‘இதற்குக் காரணம் பண்பாடு’ என்று எழுதுவதற்கு முன்னர், வேறு காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கிப் பாருங்கள். கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறக்கப்படும்வரை மக்கள் ‘பாதை’ எனப்படும் மிதவைப் படகில் ஏறியே களப்பைக் கடந்தனர். பாலத்துக்கு முன்னர் ஒரு குடும்பம் மகளை நகரத்துக்குப் படிக்க அனுப்பத் தயங்கியிருந்தால், அது சமூகக் கட்டுப்பாடா, மாலையில் பாதை கிடைக்காமற் போகும் அச்சமா? பாலம் வந்த பின்னும் தயக்கம் தொடர்ந்திருந்தால் மட்டுமே பண்பாட்டை அழைக்க நமக்கு நியாயம் உண்டு. வருமானம், பருவக்காற்று, பஸ் நேரம், சட்டம், போர்க்காலத் தடைகள் ஆகியவற்றை இப்படிச் சோதித்த பின்னர் எஞ்சுவது சிறிதாக இருக்கும். அந்தச் சிறியது வலுவாக இருக்கும்.

மறுபுறம், வெளிநாட்டு உளவியல் முடிவுகளை அப்படியே பொருத்திவிடவும் வேண்டாம். இத்துறையின் பெரும்பாலான பரிசோதனைகள் மேற்கு நாட்டு மாணவர்களிடமே செய்யப்பட்டவை என்றும், அவர்கள் மனித குலத்தின் சராசரி அல்லர் என்றும் ஆய்வாளர் ஜோசப் ஹென்ரிக்கும் அவருடைய சகாக்களும் 2010இல் காட்டினர். தாஜ்ஃபெலும் அஷ்ஷும் உங்களுக்குக் கேள்விகளைத் தருவார்கள். விடை இந்தக் கரையில்தான் கிடைக்க வேண்டும்.

முதல் வரைவு முடிந்ததும், அதை நீங்கள் கவனித்தவர்களில் இருவர் மூவருக்காவது வாசித்துக் காட்டுங்கள். ஒருவர் முதியவராகவும் ஒருவர் இளையவராகவும் இருந்தால் நல்லது. இயன்றால் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். ‘எங்கட ஆக்கள் அப்படி இல்லை’ என்று எவராவது மறுத்தால், அந்தப் பந்தியை உடனே அழிக்க வேண்டாம். மறுப்பையும், மறுத்தவர் எவர் முன்னிலையில் மறுத்தார் என்பதையும் பெயரின்றி அதன் கீழே சேர்த்துக்கொள்ளுங்கள். முதியவர் வழக்கம் என்றதை இளையவர் பழங்கதை என்று சொன்னால் இரண்டையும் அருகருகே எழுதுங்கள்; ‘அடையாளம்’ என்ற சொல்லை முதன்முறையாகப் பயன்படுத்த வேண்டிய இடம் அந்தப் பந்திதான்.